லூயிஸ் நிஷிசாவா: எரிமலை வரைந்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிஷிசாவா என்றால் ஜப்பானியப் பெயர் ஆயிற்றே? இவர் எப்படி மெக்சிகோ ஓவியர்?

முழுப்பெயர் லூயிஸ் நிஷிசாவா ஃப்ளோரெஸ். ஸ்பானிஷ் வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. அப்பா கென்ஜி நிஷிசாவா, ஜப்பானிலிருந்து வந்து மெக்சிகோவில் தங்கிவிட்டவர். அம்மா மரியா டி ஹெசூஸ் ஃப்ளோரெஸ், மெக்சிகோக்காரர். மகன் பிறந்தது 1918 பிப்ரவரி 2, குவாவ்தித்லான் வட்டாரத்தில் சான் மத்தேயோ இஸ்தகால்கோ என்ற பண்ணையில். அது மெக்சிகோ மாநிலத்தில் இருக்கிறது. நாட்டுக்கும் மெக்சிகோ, தலைநகருக்கும் மெக்சிகோ, பக்கத்து மாநிலத்துக்கும் மெக்சிகோ என்று பெயர் வைத்துக் குழப்புகிறார்கள். இனிமேல் வெறுமனே 'மாநிலம்' என்று வந்தால் இந்த மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலேயே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஜப்பானிய எழுத்தில் 'நிஷி' மேற்கு. 'சாவா' சதுப்பு நிலம் அல்லது மலை ஓடை. ஃப்ளோரெஸ் என்றால் ஸ்பானிஷில் பூக்கள். மேற்கு ஓடையும் பூக்களும் சேர்ந்த பெயரோடு பிறந்தவர் நிலக்காட்சி வரையப் போனார்.

சின்ன வயதிலேயே வரைந்தாரா?

மேதைக் குழந்தை என்ற கதையெல்லாம் இவரிடம் எடுபடாது. பண்ணையில் வயலும் ஆடுமாடும் சூழ வளர்ந்தார். பிறகு குடும்பம் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நகை வேலை கற்றார். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பின் மெக்சிகோவில் அடைக்கலம் புகுந்த இசையமைப்பாளர் ரொடோல்ஃபோ ஹால்ஃப்டரிடம் இசையும் படித்தார். ஓவியப் பள்ளியின் படியேறியபோது வயது 24.

இந்த நகை வேலையைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. பொன்னோ வெள்ளியோ எப்போது உருகும், எப்போது வளையும், எப்போது ஒடியும் என்பது நகை செய்பவரின் விரலுக்குத் தெரியும். பொருளின் குணத்தை மதிக்கிற அந்தப் பழக்கம் பின்னாளில் இவருடைய ஓவியம் முழுக்கத் தெரிகிறது.

மெக்சிகோவுக்கு ஜப்பானியர்கள் எப்படி வந்தார்கள்?

1888இல் இரண்டு நாடுகளும் சமத்துவ அடிப்படையில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐரோப்பிய வல்லரசுகள் ஜப்பான்மீது சமனற்ற ஒப்பந்தங்களைத் திணித்துவைத்திருந்த காலம் அது. ஆகவே ஜப்பானுக்கு இந்த ஒப்பந்தம் கௌரவப் பிரச்சினை. 1897இல் தெற்கே சியாப்பாஸ் மாநிலத்தில் காபி பயிரிட முதல் குடியேற்றக் குழு போய்ச் சேர்ந்தது. அந்த முயற்சி சீக்கிரமே நொடித்துப்போனது. ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. சுரங்கம், கரும்புத் தோட்டம், ரயில் பாதை, மீன்பிடிப்பு என்று கிடைத்த வேலைக்கு வந்தார்கள். தலைநகரில் இன்று வசந்தத்தில் ஊதாவாகப் பூத்து நிற்கும் ஹகரந்தா மரங்களைப் பரப்பியதில் தத்சுகோரோ மத்சுமோத்தோ என்ற ஜப்பானியத் தோட்டக்கலைஞருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓவியத்திலும் இந்தப் போக்குவரத்து இருந்தது. தமிஜி கிதாகாவா என்ற ஜப்பானியர் 1920களிலும் 30களிலும் மெக்சிகோவின் திறந்தவெளி ஓவியப் பள்ளிகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சிற்பி இசாமு நொகுச்சி 1936இல் தலைநகரின் அபெலார்தோ ரொத்ரீகெஸ் சந்தைக் கட்டடத்தில் ஒரு புடைப்புச் சுவரோவியம் செய்துவிட்டுப் போனார். அவர்கள் இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். நிஷிசாவா அந்த மண்ணிலேயே பிறந்தவர்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியக் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று?

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளே மெக்சிகோ ஜப்பானோடு உறவை முறித்துக்கொண்டது. 1942 தொடக்கத்தில், அமெரிக்க எல்லையோரமும் கடற்கரையிலும் வாழ்ந்த ஜப்பானியர்கள் வீடு, கடை, படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலைநகருக்கோ குவாதலஹாராவுக்கோ போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. போக்கிடம் இல்லாதவர்கள் பலர் மொரேலோஸ் மாநிலத்தில் தெமிஸ்கோ என்ற பழைய பண்ணையில் தங்கவைக்கப்பட்டார்கள். மே மாதம் மெக்சிகோ அச்சு நாடுகள்மீது போர்ப் பிரகடனமே செய்துவிட்டது.

அதே 1942இல்தான் நிஷிசாவா என்ற பெயரோடு இந்த இளைஞர் நாட்டின் முதன்மையான ஓவியப் பள்ளியில் சேர்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அந்தப் பள்ளி எது? யார் யாரிடம் படித்தார்?

சான் கார்லோஸ். 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஆட்சியில் தொடங்கிய கலைக்கழகம்; இவர் சேர்ந்தபோது தேசியப் பல்கலைக்கழகத்தின் ஓவியப் பள்ளி. மெக்சிகோவின் புகழ்பெற்ற சுவரோவியர்கள் தியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ இருவருமே அங்கே படித்தவர்கள்தான். நிஷிசாவாவின் ஆசிரியர்களில் ஹொசே சாவெஸ் மொராதோ, ஆல்ஃப்ரெதோ சால்சே, ஹூலியோ கஸ்தெல்லானோஸ், ஸ்பெயினிலிருந்து வந்த அந்தோனியோ ரொத்ரீகெஸ் லூனா ஆகியோர் இருந்தார்கள். சாவெஸ் மொராதோவும் சால்சேயும் மக்கள் வாழ்க்கையை வரையவேண்டும் என்ற மெக்சிகோப் பள்ளியின் ஆட்கள். சீடரின் தொடக்கக் காலப் படங்களில் அந்தச் சாயல் அழுத்தமாகவே உண்டு: உழைப்பாளிகள், கிராமத்துச் சடங்குகள், கனத்த உருவங்கள்.

1947இல் படிப்பு முடிந்தது. முதல் தனிக் கண்காட்சி 1951இல், சலோன் தெ லா ப்ளாஸ்திகா மெஹிகானா அரங்கில். சில ஆண்டுகளில் சான் கார்லோஸிலேயே ஆசிரியராகத் திரும்பிவந்தார்.

இவரைச் சுவரோவியர் என்பதா, நிலக்காட்சி ஓவியர் என்பதா?

இரண்டும் செய்தார். சுவரோவியங்களும் குறைவில்லை. 1950களின் இறுதியில் தலைநகரின் தேசிய மருத்துவ மையத்தில் நுரையீரல் நோய்ப் பிரிவுக்காக வரைந்த படத்துக்குப் பெயர் 'காற்றே உயிர்'. மூச்சுத் திணறி வரும் நோயாளிகள் பார்க்கிற சுவருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைப்பது கஷ்டம். தொண்ணூறை நெருங்கும் வயதிலும் உச்ச நீதிமன்றக் கட்டடத்தின் சுவரோவியத் திட்டத்தில் ஓர் இடம் இவருக்கு இருந்தது.

ஆனாலும் மனதில் நிற்பது நிலக்காட்சிதான். அவர் பெயரைச் சொன்னதும் மெக்சிகோவில் பலருக்கும் நினைவுக்கு வருவதும் எரிமலையும் பள்ளத்தாக்கும்தான்.

அப்படி என்ன விசேஷம் அந்த நிலக்காட்சிகளில்?

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாநிலத் தலைநகர் தொலூக்கா இன்னும் மேலே, 2,600 மீட்டரைத் தாண்டி. அந்த உயரத்தில் காற்று மெல்லியது. வறண்ட மாதங்களில் தூசி புகை இல்லாத நாளாகப் பார்த்து நின்றால், வெகு தொலைவிலுள்ள மலையின் மடிப்புகூடக் கத்தியால் கீறியதுபோல் தெரியும். மழை மாதங்களில் பிற்பகலானால் மேகம் திரண்டு மலையை அப்படியே விழுங்கிவிடும். கிழக்கே போப்போகாதெபெத்தல் எரிமலை, 5,400 மீட்டருக்கு மேல். பக்கத்தில் இஸ்தக்ஸீவாத்தல், படுத்திருக்கும் பெண் மாதிரி. தொலூக்காவுக்குத் தென்மேற்கே நெவாதோ என்ற உறங்கும் எரிமலை, 4,680 மீட்டர். அதன் வாய்க்குள் சூரியன், சந்திரன் என்று பெயரிட்ட இரண்டு ஏரிகள்.

இவற்றை வரையாத மெக்சிகோ ஓவியர் அபூர்வம். நிஷிசாவா வரைந்ததில் என்னை இழுப்பது தரை. பலருக்கு எரிமலை என்றால் உச்சி, பனி, புகை. இவர் படங்களில் கண் முதலில் கீழே விழுகிறது. உழுத மண்ணின் சால்கள், பனி உருகி ஓடிய தடம், சரிவில் அரித்த பள்ளம், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அங்கிருந்துதான் மெல்ல மலைக்கு ஏறுகிறோம். ஆடுமாடோடு அந்த மண்ணில் நடந்து வளர்ந்தவர் என்பது தெரிந்த பிறகு எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மனித உருவம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் உழுத சால்களைப் பார்த்தால் யாரோ இப்போதுதான் ஏரைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

வெலாஸ்கோ, டாக்டர் ஆத்தல் இவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

மெக்சிகோ நிலக்காட்சி என்றால் இந்த இரண்டு பேரைத் தாண்டாமல் போகமுடியாது. ஹொசே மரியா வெலாஸ்கோ (1840–1912) மெக்சிகோப் பள்ளத்தாக்கை ஓர் இயற்கை அறிவியலாளரின் கண்ணோடு வரைந்தவர். பாறையின் வகை, செடியின் இலை எல்லாம் சரியாக இருக்கும். அவரும் இதே மாநிலத்துக்காரர்தான். ஹெராற்தோ முரில்யோ (1875–1964) தனக்கு ஆத்தல் என்று பெயர் சூட்டிக்கொண்டார். நஹுவாத்தல் மொழியில் தண்ணீர். 1943இல் ஒரு சோளக் கொல்லையில் பரிகுத்தின் எரிமலை பிறந்தபோது பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கி வரைந்தார். மெழுகும் பிசினும் கலந்து தன் பெயரிலேயே ஒரு வண்ணக்குச்சி செய்துகொண்டார். பிற்காலத்தில் விமானத்தில் ஏறிப் பூமியின் வளைவோடு நிலத்தைப் பார்த்தார்.

வெலாஸ்கோ தூரத்திலிருந்து அளந்தார். ஆத்தல் வானத்துக்கே போய்விட்டார். நிஷிசாவா தரையில் நின்றுகொண்டார். ஆத்தலிடமிருந்து இவருக்கு வந்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், வண்ணத்தைக் கடையில் வாங்குவதோடு விடாமல் தானே செய்து பார்க்கிற துணிச்சலைச் சொல்வேன்.

படங்களில் ஜப்பானியப் பாணி தெரிகிறது என்கிறார்களே?

மை ஓவியங்களில் தெரியும். கரிப்புகையையும் பசையையும் குழைத்து இறுக்கிய மைக்குச்சியைக் கல்லில் நீர் விட்டு உரைத்து, மென்தூரிகையால் ஒரே வீச்சில் இழுக்கும் முறை அது. அழித்து எழுத வழியில்லை. காகிதத்தின் வெண்மையை விட்டுவிட்டால் அதுவே பனி, அதுவே மேகம்.

ஆனால் எதைப் பார்த்தாலும் 'அப்பாவின் ரத்தம்' என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். தூரிகை பிடிப்பது ரத்தத்தில் வருவதில்லை. அவர் வளர்ந்தது மெக்சிகோவில். படித்தது மெக்சிகோ ஆசிரியர்களிடம். ஜப்பான் போனது ஓவியராகப் பெயர் எடுத்த பிறகு. கிழக்கத்திய மை முறையை முட்டை வண்ணம், மெழுகு வண்ணம், ஈரச் சுண்ணாம்பு ஓவியம் போலவே ஒரு கைத்தொழிலாகப் பழகிக்கொண்டார். அப்பாவின் நாடு என்பதால் ஆர்வம் கூடுதலாக இருந்திருக்கும்; அதை மறுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. மலையின் பாதியை மேகம் மறைத்து மேல்பாதி மட்டும் மிதப்பதைப் பார்த்தவுடன் 'ஜப்பான்' என்போம். தொலூக்காவில் ஆகஸ்ட் மாதப் பிற்பகல் ஒன்றில் நெவாதோவைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

பொருள்களில் அவ்வளவு அக்கறை என்கிறீர்களே, கொஞ்சம் விளக்க முடியுமா?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே நீளும்.

முட்டை வண்ணத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் வண்ணம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் பலகை ஓவியமெல்லாம் இதில்தான். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை வழியவிட்டுவிட்டு, மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் காலியான கையைத் துடைத்துக்கொள்ளவேண்டும். மேலே ஒட்டிய ஈரம் போய்த் தோல் உலர்ந்ததும், இரண்டு விரலால் அந்தத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியால் ஒரு குத்து. கரு ஒழுகிக் கிண்ணத்தில் விழும், தோல் கையில் தங்கிவிடும். தோல் கலந்தால் வண்ணத்தில் திப்பி திப்பியாக நிற்கும். கருவில் சிறிது நீர். அரைத்த வண்ணத்தூளைத் தண்ணீரில் குழைத்து அதோடு சேர்த்தால் வண்ணம் தயார். அன்றன்றைக்குச் செய்யவேண்டும், மறுநாள் நாறும். பூசிய நொடியில் உலர்ந்துவிடுவதால் ஈரத்தோடு ஈரம் கலந்து மென்மையாக்க முடியாது. மெல்லிய கோடு, மேலே இன்னொரு கோடு, அதற்கு மேல் இன்னொன்று என்று நூற்றுக்கணக்கில் அடுக்கித்தான் ஒரு மலைச்சரிவின் நிழல் வரும்.

தேன்மெழுகு வண்ணம் இதற்கு நேர்மாறு. உருகிய மெழுகில் வண்ணத்தூள், ஆறுவதற்குள் பூசவேண்டும், பிறகு சூடு காட்டி அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். ஈரச் சுண்ணாம்பு ஓவியத்தில் பசையே கிடையாது. அன்றைக்குப் பூசிய சாந்து காய்வதற்குள் வரையவேண்டும்; சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் திரும்பக் கல்லாக மாறும்போது வண்ணத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும்.

நிஷிசாவா இவற்றையெல்லாம் செய்து பார்த்ததோடு நிற்கவில்லை. எந்த நிலத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தார். ஒரே எரிமலை முட்டை வண்ணத்தில் எலும்பும் நரம்புமாக நிற்கும், மையில் மூச்சுக்காற்றாகிவிடும். அவருடைய படத்தைப் பார்க்கும்போது அடியில் 'எண்ணெய்', 'முட்டை', 'மை' என்று எழுதியிருப்பதை முதலில் படித்துவிட்டுப் படத்துக்குப் போவது என் வழக்கம்.

ஜப்பானில் ஒரு ரயில் நிலையத்தில் இவருடைய சுவரோவியம் இருப்பது உண்மையா?

உண்மை. நரீத்தாவில் கெய்செய் ரயில் நிலையத்துக்காக 1981இல் செய்தது. 'படைக்கும் மனம் எப்போதும் புதுப்பித்துக்கொள்கிறது' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். வண்ணப்பூச்சில் வரையாமல் உயர்வெப்பத்தில் சுட்ட மண்ணில் செய்திருக்கிறார். அதற்கு முன்பே, 1969இல், மெக்சிகோவின் செலாயா நகரில் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கட்டடத்தில் 'உயிருக்கு ஒரு பாட்டு' என்ற சுடுமண் புடைப்போவியத்தைச் செய்து கை பழகியிருந்தது.

சுடுமண்ணில் சுவரளவு வேலை செய்வது சாதாரணம் இல்லை. முழுப்படத்தையும் ஈர மண்ணில் வடித்துத் துண்டு துண்டாக அறுக்கவேண்டும். உலரும்போதும் சுடும்போதும் ஒவ்வொரு துண்டும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பெரிதாக வடிக்கவேண்டும். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் சூளையில் ஒரு துண்டு கோணினாலும் பக்கத்துத் துண்டோடு சேராது. மேற்பூச்சின் நிறம் சூளைக்குள் போகும்போது ஒன்று, வெளியே வரும்போது வேறொன்று.

அப்பா புறப்பட்டு வந்த நாட்டுக்கு மகன் திரும்பிப்போய்ச் சுட்ட மண்ணை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பயணிகள் அவசரத்தில் கடந்துபோகிற இடம் அது. நின்று பார்க்கிறவர்கள் எத்தனை பேரோ.

நல்ல ஆசிரியராமே?

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கற்றுக்கொடுத்தார். சான் கார்லோஸில் ஓவியப் பொருள்களும் நுட்பங்களும் என்ற பாடத்துக்கு இவருடைய பட்டறைதான் பேர் பெற்றது. 1950களில் ஹொசே லூயிஸ் குவேவாஸ் என்ற இளம் ஓவியர் 'சப்பாத்திக்கள்ளித் திரை' என்று பழைய சுவரோவியப் பரம்பரையைக் கேலி செய்து எழுதிய பிறகு, இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்: மக்கள் கலையா, அரூபமா? நீங்கள் எந்தக் கட்சியாகவும் இருந்துவிட்டுப் போங்கள், முதலில் பசையைச் சரியாகக் காய்ச்சுங்கள் என்கிற மாதிரியான பாடம் நடத்தியவரிடம் இரு தரப்புக்கும் வேலை இருந்தது. பாணி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்குக் குட்டி நகல்கள் கிடைக்கும். நுட்பம் சொல்லிக்கொடுப்பவரின் மாணவர்கள் ஒருவர் மாதிரி இன்னொருவர் வரையமாட்டார்கள்.

விருதுகள்?

1996இல் மெக்சிகோவின் தேசிய அறிவியல், கலை விருது. ஜப்பான் அரசின் புனிதப் பொக்கிஷ விருது. இன்னும் சில உண்டு.

அப்படியானால் ரிவேரா அளவுக்கு ஏன் பெயர் பரவவில்லை?

ரிவேராவுக்குப் புரட்சி இருந்தது, சண்டை இருந்தது, மனைவியாக ஓவியர் ஃப்ரீடா இருந்தார். நிஷிசாவாவின் வாழ்க்கையில் திரைப்படம் எடுக்கிற மாதிரி எதுவும் இல்லை. காலையில் பட்டறை, மாலையில் வகுப்பு. மேலும் வெளிநாட்டுச் சந்தை மெக்சிகோ ஓவியத்திடம் எதிர்பார்த்தது சிவப்புக் கொடியும் மண்டையோடும். உழுத வயலை விற்பது கடினம். தன் மாநிலத்தில் அவருக்கு மரியாதைக்குக் குறைவே இருந்ததில்லை. 2014 செப்டம்பர் 29 அன்று, 96 வயதில் காலமானார்.

படங்களை எங்கே பார்க்கலாம்?

தொலூக்காவுக்குப் போவதுதான் சரி. மெக்சிகோ நகரத்திலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர். நகர மையத்தில் ஒரு பழைய வீட்டில் 1992இல் திறந்த லூயிஸ் நிஷிசாவா அருங்காட்சியகப் பட்டறை இருக்கிறது. பெயரிலேயே பட்டறை என்று இருப்பதைக் கவனியுங்கள். படங்களைத் தொங்கவிடுவதோடு ஓவிய வகுப்புகளும் நடக்கிற இடமாகத்தான் அது அமைந்தது.

நேரம் இருந்தால் அதே பயணத்தில் நெவாதோவையும் பார்த்துவிடுங்கள். உயரம் பழகாதவர்களுக்கு மூச்சு வாங்கும், தலைவலி வரும். முதல் நாளே ஏறவேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள். பிற்பகலில் மேகம் மூடிக்கொண்டால் ஏரி தெரியாது.

அவர் பிறந்த குவாவ்தித்லான் பக்கம் பண்ணையைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. தலைநகரம் வீங்கி வீங்கி அந்தப் பகுதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இப்போது ஆலைகளும் கிடங்குகளும் நெருக்கியடித்த வீடுகளும்தான். அங்கிருந்து கிழக்கே எரிமலைகள் தெரியுமா என்றால், மழை கழுவிவிட்ட மறுநாள் காலையில் தெரியும்.